கிட்டிவேக் படகின் கறுப்பு ஒயர்கள்

ஜோன்ஸ்போர்ட், மெய்ன்
1992 ஜனவரி 11

திரு. தர்லோ பீல் அவர்களுக்கு,

நாலரை வருடமாகப் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். சமாதானத்துக்காக எழுதவில்லை, காரியமாக எழுதுகிறேன். கூடப்பிறந்த அண்ணனை ‘நீங்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. ‘நீ’ என்று எழுத மனசு வரவில்லை. இப்படியே இருக்கட்டும்.

கிட்டிவேக்கை இந்தக் கோடையில் தண்ணீரில் இறக்கப் போகிறேன். தீப்பிடித்த அந்த ஆகஸ்டு மாதத்திலிருந்து அது படகுப் பட்டறை வெண்டலின் கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. சுவிட்ச் பலகையையும் அதன் பின்னால் இருக்கிற ஒயர்களையும் முழுசாக மாற்றினால்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் காகிதம் தருவார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் வெண்டல் படகைத் தூக்கமாட்டார்.

ஆனால் காகிதத்துக்காக நான் இந்தக் குளிரில் விரல் விறைக்க உட்கார்ந்திருக்கவில்லை. ஆல்டன் அன்றைக்குக் கையைச் சுட்டுக்கொண்டு இறங்கியவர்தான், இன்றுவரை அந்தப் படகில் கால் வைக்கவில்லை. கேட்டால், “எனக்கு அங்க என்ன வேலை இருக்கு?” என்கிறார். நெருப்பைக் கண்டு பயந்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் புருஷனைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. பலகைக்குப் பின்னால் ஒவ்வொரு ஒயரும் புதிது என்று கண்ணால் பார்த்தால் ஏறிவிடுவார் என்று நம்புகிறேன். அவரை ஏற்றத்தான் இவ்வளவு பாடும்.

எழுபத்தொன்பதில் இதைப் பூட்டியவர் நீங்கள். ஒவ்வொரு ஒயரிலும் ஒட்டுப்பட்டையில் பெயர் எழுதியிருந்தீர்கள். பசை காய்ந்து எல்லாப் பட்டையும் உதிர்ந்து கீழே கிடக்கிறது. பாய்மரத்துக்குப் போகிற ஐந்தில் உச்சி விளக்கின் ஒயர் எது? அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு ஏன் இரண்டு சிவப்பு வருகிறது? பேட்டரியிலிருந்து வந்து எதிலும் சேராமல் நிற்கும் தடித்த சிவப்பு எங்கே போக வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால் போதும். போன் வேண்டாம். போனில் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன்.

லியோனா


கார்னி, நெப்ராஸ்கா
1992 ஜனவரி 20

லியோனா,

கடிதம் கிடைத்தது. உறையில் உன் பெயரைப் பார்த்ததும் உன் அண்ணி ஐரீன், யாரோ செத்துவிட்டார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் பம்பு.

உச்சி விளக்குக்குப் பழுப்பு. பம்புக்கு ஒரு சிவப்பு பலகையிலிருந்து வருகிறது, நீ கையால் போடுவதற்கு. இன்னொன்று தண்ணீர் ஏறினால் தானாக ஓடுவதற்கு, அது பேட்டரியிலிருந்து நேராக வரும். பலகையை அணைத்துவிட்டுப் போனாலும் பம்பு ஓட வேண்டும், இல்லாவிட்டால் படகு மூழ்கும். சேராமல் நிற்கும் தடித்த சிவப்பு, ஆல்டன் வாங்குவதாகச் சொல்லி வாங்காமலே போன நங்கூர மோட்டாருக்கு. அதைப் பிடுங்கி எறி.

மாட்டுத்தீவனக் கடை காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்டது மூன்று. மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். கேட்காததைச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டு நாலரை வருடம் ஆகிறது.

தர்லோ


ஜோன்ஸ்போர்ட்
1992 பிப்ரவரி 3, திங்கள்

தர்லோ அண்ணனுக்கு,

படம் அச்சு அசலாக இருந்தது. நன்றி. பாய்மரம் கொட்டகைச் சுவரோரம் படுத்திருக்கிறது. பழுப்பு ஒயரைப் பேட்டரியில் தொட்டதும் அந்தக் கோடியில் உச்சி விளக்கு பளிச்சென்று எரிந்தது. தரையில் படுத்துக்கொண்டு எரிகிற உச்சி விளக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முன்பு போட்ட ஒயரின் நிறம் உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதே. (‘நீ’ என்று வந்துவிட்டது. அடிக்கப்போவதில்லை, மை வீண்.)

உன் அளவுக்கு அழகாகச் செய்ய எனக்கு வராது. ஆனால் கடலுக்கென்றே வருகிற ஈயம் பூசிய ஒயர், நுனியில் இடுக்கியால் நசுக்கிப் பொருத்திய வளையம், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் என்று எல்லாம் முறைப்படி நடக்கிறது. சிவப்புகள் முடிந்துவிட்டன. கறுப்புகள்தான் பாக்கி. மொத்தம் பதினாறு. வலப்பக்க மூலையில் மூன்று மட்டும் ஏதோ வெள்ளை உறைக்குள் இருந்தன. உறை வெடித்துக் கிடந்ததால் உரித்துப் போட்டேன். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு வெறும் செம்பு. உனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் நீ வீட்டு ஒயரிங்குக்குப் போய்விட்டாய். அப்பாவின் லாப்ஸ்டர் படகுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து ஒயர் பூட்டியவள் நான். கறுப்பு என்றால் பேட்டரிக்குத் திரும்புகிற ஒயர். சாது. அதனால் வரும் சனிக்கிழமை காலையில் பதினாறையும் ஒரே பித்தளைப் பட்டையில் திருகிவிட்டு, கொட்டகைச் சுவரிலிருந்து படகுக்குக் கரை மின்சாரம் கொண்டுவரும் மஞ்சள் கேபிளைச் செருகி, பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிடுவேன்.

ஆல்டன் இஞ்சி பிஸ்கட் டப்பாவைக் கொட்டகை வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். வாசல்வரைதான்.

லியோனா


ஜோன்ஸ்போர்ட்
1992 பிப்ரவரி 8, சனி

திரு. தர்லோ பீல் அவர்களுக்கு,

உங்களுக்கு எவ்வளவு திமிர்!

கடைசித் திருகை முடுக்கிவிட்டு நிமிர்கிறேன், வெண்டல் ஓடி வருகிறார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஏணியில்கூட ஏறாமல், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த என் மஞ்சள் கேபிளை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்.

“வெண்டல், என்ன பண்றீங்க? அது என் கேபிள்!”

“தெரியும். உங்கண்ணன் போன் பண்ணாரு. மொதல்ல கேபிளத் தூக்கு, அப்புறம் மூச்சு விடுன்னாரு.”

“அவன் யாரு சொல்றதுக்கு? குடுங்க இங்க.”

“நீ குடும்பத்தோட வந்து அழுதாலும் தர மாட்டேன்மா. அவரு குரலு நல்லா இல்ல.”

கொண்டுபோய் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் சட்டைப்பையில். நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு என் வேலையை நிறுத்துகிறீர்கள். நாலு ஆண்கள் முன்னால் சின்னப் பெண்ணை அதட்டுவதுபோல் என் கேபிளைப் பிடுங்க வைத்துவிட்டீர்கள். தீப்பிடித்த அன்றைக்கும் இப்படித்தான் ஊர் பார்க்க என்மேல் பழி போட்டீர்கள். உங்களிடம் கேட்டதே என் தப்பு.

லியோனா ஆலி


கார்னி
1992 பிப்ரவரி 8, சனி

லியோனா,

காலையில் தபால் நிலையத்தில் உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உன் வீட்டுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கொட்டகைக்கு அடித்தேன். வெண்டல் திரும்ப வந்து “எடுத்துட்டேன், நல்லாத்தான் இருக்கா, ரொம்பத் திட்றா” என்று சொல்லும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. நீ திட்டினாய் என்று கேட்டதும் தபால் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கோபப்படாமல் கேள். லாப்ஸ்டர் படகில் பேட்டரி மட்டும்தான். பன்னிரண்டு வோல்ட். அங்கே கறுப்பு சாது, நீ சொன்னது சரி. நான் வேலை செய்கிற வீடுகளில் கறுப்புதான் ஆளைக் கொல்கிற ஒயர். நூற்றிருபது வோல்ட். நீ உறையை உரித்த மூன்றும் கரை மின்சாரத்தின் ஒயர்கள். உன் பதின்மூன்று கறுப்பும் என் மூன்று கறுப்பும் ஒரே பலகையின் பின்னால், நடுவில் ஒரு தடுப்புகூட இல்லாமல் இருந்தன. அப்படி வைத்தது நான்.

அந்தப் பதினாறையும் சேர்த்துவிட்டுக் கேபிளைச் செருகியிருந்தால், அந்தப் பித்தளைப் பட்டை இஞ்சினோடு சேர்ந்தது என்பதால், இஞ்சின் முழுவதும் நூற்றிருபது வோல்ட் ஏறியிருக்கும். பழைய படகு, ஃபியூஸ்கூடப் போயிருக்காது. ஒரு கை இஞ்சினில், ஒரு கை குளிருக்கு நீ பக்கத்தில் வைத்திருக்கும் ஹீட்டரில் பட்டிருந்தால் போதும்.

நீ மூன்று கேள்வி கேட்டாய் என்று மூன்றுக்கு மட்டும் பதில் எழுதினேன். வலப்பக்கத்தைத் தொடாதே என்று ஒரு வரி எழுதக் கை வந்தது. கேட்டால் சொல்வோம் என்று விட்டேன். அது வீம்பு. அந்த வீம்புக்கு இன்றைக்கு உன்னைக் கொடுத்திருப்பேன்.

புதிய படம் வைத்திருக்கிறேன். கரை மின்சாரத்துக்குத் தனிப் பெட்டி, மூடியோடு, பலகையிலிருந்து ஒரு கை தள்ளி. பேட்டரியின் கறுப்புகள் எல்லாவற்றுக்கும் பதிலாக மஞ்சள் ஒயர் வாங்கு. இப்போது அப்படி வருகிறது. அப்புறம் யாரும் ஏமாற முடியாது.

தர்லோ


ஜோன்ஸ்போர்ட்
1992 பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். என்னுடையதை அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு படகில் ஏறி, அன்று நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது முழங்கை இஞ்சினில் இடிக்கிறது. குளிருக்கு வலது கையை ஹீட்டர்மேல் வைப்பது என் பழக்கம். அப்படியே கொஞ்ச நேரம் அழுதேன். உயிரோடு இருக்கிறேன், அண்ணா. இன்று காலையில் காப்பி கொதிக்கிற வாசனைகூட எனக்குப் புதுசாக இருந்தது. நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

வெண்டலுக்கு ஒரு முழு ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் கொண்டுபோனேன். “இதுக்காகவாவது வாரம் ஒரு தடவ உன் சாமானப் பூட்டி வைக்கலாம் போல” என்கிறார். அன்றைக்கு ஆல்டன் ஏன் போனை எடுக்கவில்லை தெரியுமா? சர்ச்சில் சனிக்கிழமை விருந்துக்கு மொச்சை வேகவைக்கப் போயிருந்தார். ஒற்றைக் கையால் அறுபது பேருக்குக் கிண்டுகிறார்.

இவ்வளவு எழுதிய பிறகு இதையும் எழுதிவிடுகிறேன். தீப்பிடித்த அன்று, “உன் லாரி ஒயர்தான் இதப் பண்ணிச்சு” என்று எல்லார் எதிரிலும் சொன்னாய். ஆல்டன் படுத்துப் படிப்பதற்காக அந்த ஜூலையில் ஒரு விளக்கு வைத்தேனே, மிச்சமிருந்த லாரி ஒயரில், அதைச் சொன்னாய். நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் நம்பினேன். அவர் அந்த வெந்த கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறும்போதெல்லாம் ‘நான் செய்தது’ என்று நினைத்துக்கொண்டுதான் போட்டுவிடுகிறேன். நாலரை வருடமாக. கறுப்பு விஷயத்தில் நான் செய்யவிருந்ததைப் பார்த்தால், அதுவும் நானாகத்தான் இருக்கும். உன்மேல் எனக்கு இனி கோபம் இல்லை.

உன் தங்கை,
லியோனா


கார்னி
1992 பிப்ரவரி 21

லியோனா,

மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். ஐரீன் சொன்னாள், “அழகா எழுதப் பாக்காதீங்க. நடந்தத எழுதுங்க.”

உன் விளக்கு இல்லை. உன் ஒயர் இல்லை. நான்தான்.

வீட்டுச் சுவருக்குள் இரண்டு ஒயரை முறுக்கி மேலே பிளாஸ்டிக் திருகுமூடி ஒன்றை மாட்டுவோம். சுவர் ஆடாது, அதனால் நூறு வருடம் இருக்கும். கிட்டிவேக்கிலும் அதையே மாட்டினேன். படகு ஆடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூடி ஆடித் தளர்ந்து, உப்பில் பச்சை பிடித்து, சூடேறி எரிந்திருக்கிறது. அன்று புகை அடங்கியதும் நான்தான் முதலில் உள்ளே போனேன். பலகையின் பின்னால் அந்த மூடி உருகிக் கிடந்தது. உன் விளக்கு ஒயர் ஒரு முழம் தள்ளி, உறைகூடக் கருகாமல் இருந்தது. பார்த்த நொடியே தெரிந்துவிட்டது.

மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆல்டன் கையில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். நீ, “எப்படிப் புடிச்சுது?” என்று கேட்டாய். வாயில் உன் பெயர் வந்தது. இருபத்தெட்டு வருட எலக்ட்ரீஷியன், அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இறங்கும்போது மூடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டேன். அடுத்த மாதமே ஐரீனின் ஊருக்கு வந்துவிட்டோம். நுரையீரலுக்கு வறண்ட காற்று நல்லது என்று எல்லாரிடமும் சொன்னேன். என் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை.

நீ பொத்தான் போட்டுவிடும்போது அப்படி நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதப் போனேன். அதுவும் நிச்சயமில்லை.

ஆல்டனிடம் படித்துக் காட்டு. எனக்கு நீங்கள் பதில் போட வேண்டாம்.

தர்லோ


ஜோன்ஸ்போர்ட்
1992 மார்ச் 9

அண்ணா,

பதில் போட வேண்டாம் என்றால் நான் கேட்கிற ஆளா?

முதல் நாள் உன்னை நாலு முழம் நீளத்துக்குத் திட்டினேன். அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு திட்டினேன். பிறகு கையை நீட்டிப் பார்த்தேன். இந்தக் கை அவரைச் சுடவில்லை. பாத்திரம் தேய்க்கத் தண்ணீரில் கையை விட்டபடி, சோப்பு நுரை அடங்கும்வரை அப்படியே நின்றேன். நீ திருப்பிக் கொடுத்தது எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆல்டனுக்குப் படித்துக் காட்டினேன். சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும். பையில போட்டதையும் பாத்தேன், தண்ணில எறிஞ்சதையும் பாத்தேன்.”

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். “பாத்துட்டு ஏன் சொல்லல?”

“நான் சொன்னா அவன் மாட்டிக்கிட்டவன். அவனே சொன்னா மனுஷன். சொல்லுவான்னு இருந்தேன். இப்படி நாலு வருஷம் இழுப்பான்னு யாருக்குத் தெரியும்?”

“அப்போ படகுல ஏறாதது? நெருப்புக்குப் பயந்து இல்லையா?”

“நெருப்பா? அந்தப் படகுல நானும் உங்கண்ணனும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குவோம். அவன் அங்க வச்சுப் பொய் சொல்லிட்டுப் போயிட்டான். அவன் இல்லாம நான் மட்டும் ஏறி என்ன பண்ண?”

நல்ல மனசுதான். ஆனால் என்னை மறந்துவிட்டார் பார்! நானும் நாலு வருடம் வெந்துகொண்டிருந்தேன் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. “நீ நம்புனியா? அவன நாயா பேயாத் திட்டினியே, நம்பலன்னு நெனச்சேன்.” மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், என்னை எதிர்பார்க்காமல், முக்கால் மணி நேரம் போராடித் தானே எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒன்று மாறிப் போட்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

ஜூன் 6, சனிக்கிழமை படகை இறக்குகிறோம். தனிப் பெட்டி, மஞ்சள் ஒயர் எல்லாம் உன் படத்தில் உள்ளபடி முடிந்தது. நீ வந்தால் தானும் ஏறுவதாக ஆல்டன் சொல்கிறார். வராவிட்டால் மாட்டாராம். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். எனக்காக வா.

லியோனா


கார்னி
1992 ஏப்ரல் 2

லியோனா,

வருகிறோம். காரில் மூன்று நாள் ஆகும்.

எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆல்டன் முகத்தைப் பார்த்துச் சொல்வது அப்படி இருக்காது. ஐரீன் இப்போதே பெட்டி கட்டுகிறாள், நான் மனசு மாறிவிடுவேன் என்று.

தர்லோ


கார்னி
1992 ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த மீன் சாண்ட்விச் அடுத்த மாநிலம்கூடத் தாண்டவில்லை.

முதலில் உன் வேலையைப் பற்றி. பலகையைத் திறந்து பார்த்தேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் என் கையால் செய்ததில்லை. ஒயர்கள் வகிடெடுத்து வாரிய தலைபோல இருந்தன. இன்ஷூரன்ஸுக்காகப் பரிசோதிக்க வந்தவர், “இத யாரு பண்ணது?” என்று கேட்டபோது நீ “நாங்க ரெண்டு பேரும்” என்றாய். அந்த ‘நாங்க’ என்ற சொல்லுக்கு நன்றி. அதைக் கேட்க மூன்று நாள் என்ன, ஒரு மாதம்கூடக் கார் ஓட்டுவேன்.

இறக்கிய அன்று நீ முன்பக்கம் வெண்டலோடு கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தாய். பின்பக்கம் நடந்ததை நீ பார்க்கவில்லை. ஆல்டன் முதலில் ஏறினார். ஏறித் திரும்பி, எனக்குக் கையை நீட்டினார். நல்ல கையை இல்லை, அந்தக் கையை. நான் கரையில் நின்றபடி, “ஆல்டன், அன்னைக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“கடுதாசியிலதான் கேட்டுட்டேனே. காலப் பாத்து வை, பலக வழுக்குது.”

அவர் விரல்கள் மடங்கவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கனத்த உடம்பை அந்தக் கையாலேயே இழுத்து ஏற்றிவிட்டார். அப்புறம் நாலு நாள் சிரித்தோம், சாப்பிட்டோம், தீவைச் சுற்றி வந்தோம். எனக்கு வழக்கம்போல வாந்தி வந்தது, அதற்கும் சிரித்தார். நான் தொடங்கியதை முடிக்க அவர் விடவே இல்லை. நானும் தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்துகிறது. அவர் மன்னித்துவிட்டார் என்று தெரியும். ஆனால் நான் இன்னும் என் வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் போன் அடிக்கும். நீ எடுக்காதே. அவர் எடுக்கட்டும்.

உன் அண்ணன்,
தர்லோ